ஞாபகம் இல்லீங்க

10 நவம்பர் 1999, புதன்

தேதியை நான் சொன்னேன், கஸ்தூரி எழுதிவிட்டாள். காலண்டரைப் பார்க்கவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவிலேயே தேதி, கிழமை, யார் எந்த வருஷம் பிறந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பாதிப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன தேதிதான்.

எனக்கு எழுத்து தெரியாது. கஸ்தூரி என் மருமகள், பத்தாவது படித்தவள். அங்கன்வாடி வேலைக்கு மனு போட்டிருக்கிறாள். "கையெழுத்து கோழி கிண்டின மாதிரி ஆயிடுச்சு மாமா, எதையாவது சொல்லுங்க, எழுதிப் பழகறேன்" என்று ஆடி மாசத்திலிருந்து என்னைப் பிடித்து உட்கார வைக்கிறாள். நான் பேசுவதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொள்வாள். கோபத்தில் பேசினால் மட்டும் அப்படியே எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைத் திருத்தினால் அது என் கோபம் இல்லை.

இன்றைக்கு எங்கள் அம்பாசிடரை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக வேங்கிக்கால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனோம். டாக்சி வண்டி, வருஷா வருஷம் காட்டியே ஆக வேண்டும். கண் மங்கும் வரை நான் ஓட்டியது. இப்போது மகன் சகாதேவன் ஓட்டுகிறான். ஆனால் வண்டியும் பர்மிட்டும் இன்னும் என் பேரில். அதனால் நானும் போனேன்.

முன்பக்கம் மாட்டியிருந்த டயர் இரண்டும் இரவல். எஃப்.சி. அன்றைக்கு ஒருத்தர் டயரை இன்னொருத்தர் மாட்டிக்கொள்வது எங்கள் ஸ்டாண்டு வழக்கம். அந்த டயர்கள் வாங்கிக் கொடுத்த எஃப்.சிக்குக் கணக்கே இல்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் டயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். பால் பல் மாதிரி ஆடியது. பிறகு ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிரேக் போட்டதும் வண்டி இடது பக்கம் ஓடியது.

எஃப்.சி. கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் சகாதேவன் பக்கத்தில் இல்லை. எங்கள் ஸ்டெப்னியைப் பின்னால் நின்ற வண்டிக்காரன் இரவல் கேட்டான் என்று உருட்டிக்கொண்டு போயிருந்தான். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது. சொன்னது சொன்னபடி எழுதம்மா:

"பெரியவரே, வண்டி உங்க பேர்ல இருக்குது, அதனால உங்ககிட்டயே சொல்றேன். கிங்பின் போயிருக்கு. பிரேக் ஒரு பக்கம் இழுக்குது. இங்கேருந்து நேரா ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. சரி பண்ணாம ஆள் ஏத்தாதீங்க. ஞாபகம் வெச்சுக்குங்க."

என்னைப் போய் ஞாபகம் வெச்சுக்கச் சொல்கிறாரே என்று சிரிப்பு வந்தது.

11 நவம்பர், வியாழன்

மெக்கானிக் மணி கையை விரித்துவிட்டான். கிங்பின் செட்டு, அதுதான் முன் சக்கரத்தை அச்சில் பிடித்திருக்கிற ஆணி, வேலூரிலிருந்து வர வேண்டுமாம். ஷெட்டில் கார்த்திகை தீபத்துக்கு ஓட வேண்டிய வேன்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. "தீபம் முடியட்டும்ணா, மொத வேலையா உங்க வண்டியப் பிரிக்கிறேன்."

தீபம் முடிந்த பிறகு எவனுக்கு வேண்டும் வண்டி? பெங்களூர்க் குடும்பம் ஒன்று வருஷம் தவறாமல் தீபத்துக்கு வருவார்கள். இறங்கினதும் சகாதேவனைத்தான் தேடுவார்கள். ஒரு வருஷம் இல்லை என்றால் வேறொருவனைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் அவன் வண்டிதான்.

சகாதேவன் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்: "பழைய எஃப்.சி. இருபத்தெட்டு வரைக்கும் இருக்குது நைனா. புதுசு குடுக்கலன்னா பழசு செத்துப்போயிடுமா?"

"ஆள் ஏத்தாதேன்னு சொன்னார்டா."

"எடுத்துட்டுப் போங்கன்னும் சொன்னாருன்னு நீதான சொன்னே?"

"ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னாரு."

"ஷெட்டுக்குப் போற வழியில நாலு பேர் ஏறினா ஏறட்டும்" என்று சிரித்தான். கஸ்தூரியும் சிரித்தாள். இதை எழுதுகிறபோது சிரிக்கவில்லை.

13 நவம்பர், சனி

கோயிலில் கொடி ஏறிவிட்டது. கிரிவலப் பாதையில் இப்போதே கடைகள்.

ஆராயி வந்தாள். பாதையோரம் வடை போடுகிறவள், புருஷன் இல்லை. அவள் வீட்டு ஓரத்தில் ஒரு துண்டு இடத்தைப் பக்கத்து வீட்டுச் சின்னசாமி வேலி போட்டு வளைத்துக்கொண்டான். அவள் மனு கொடுத்திருக்கிறாள், மார்கழி வாக்கில் அதிகாரி இடத்துக்கே வந்து விசாரிப்பாராம். அவளிடம் தாள் எதுவும் இல்லை. நான் இருக்கிறேன். அவள் புருஷன் கடைக்கால் போட்டபோது லாரியில் கல் கொண்டுவந்து இறக்கியவன் நான். எந்த வருஷம், எந்தக் கிழமை, எந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் கல்லைக் கொட்டச் சொன்னான், அன்றைக்கு மழை பிடித்து லாரி சேற்றில் மாட்டியது, எல்லாம் சொல்வேன். அந்த மரத்தைச் சின்னசாமி வெட்டிவிட்டான். மரம் போனால் என்ன?

"நீ சொன்னா அது பத்திரம் மாதிரிண்ணா" என்று ஆராயி நாலு வடையை வைத்துவிட்டுப் போனாள்.

15 நவம்பர், திங்கள்

கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிறவரிடம் சகாதேவன் என்னையும் கூட்டிப்போனான். சட்டம் தெரிந்தவர் என்று பேர். இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தார். கிங்பின், பிரேக் சரி செய்து மறுபடி காட்டவும், அவ்வளவுதான் எழுதியிருக்கிறதாம். ஓட்டாதே என்று எழுத்தில் இல்லை.

"பழைய எஃப்.சிய ரத்து பண்ணி எழுத்துல குடுத்தாரா?"

"இல்லீங்க" என்றான் சகாதேவன்.

"அப்ப தேதி வரைக்கும் எஃப்.சி. உயிரோடதான் இருக்கு. தாளக் காட்டி ஓட்டலாம். ஆனா ஒண்ணு. கோளாறுன்னு தெரிஞ்சே ஓட்டினா அது தனிக் குத்தம். தெரிஞ்சே — அந்த வார்த்தைதான் முக்கியம். ஏதாவது ஆயி இன்சூரன்ஸ்காரன் வந்தாலும் மொதல்ல அதைத்தான் கேப்பான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? வாயால யாராவது சொன்னாங்களா?"

சகாதேவன் என்னைப் பார்த்தான். நான் டைப் மிஷினைப் பார்த்தேன்.

"தெரியலன்னா?" என்று கேட்டான்.

"தெரியலன்னா, தெரியலன்னு சொல்லணும்."

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்குகிற இடத்தில், "நைனா, உனக்கு இன்னா வயசு?" என்றான். அவன் கேட்டது வயசை இல்லை.

18 நவம்பர், வியாழன்

மாட்டேன்னு சொன்னேன். ஆள் ஏத்தக் கூடாதுன்னா ஏத்தக் கூடாது. என் பேர்ல இருக்குற வண்டி. சாவியக் குடுறான்னேன். "சாவி என்கிட்ட இருக்கு, பேரு உன்கிட்ட இருக்கு, ரெண்டையும் வெச்சு நீ இன்னா பண்ணுவே, ஓட்டுவியா?"ன்னு கேக்கறான். பெத்த புள்ள.

(இதைத் திருத்தாமல் எழுதியிருக்கிறேன் மாமா — க.)

19 நவம்பர், வெள்ளி

பெங்களூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருக்கிறார்கள். வயசான அம்மா ஒருத்தி, மகள், மாப்பிள்ளை, ஒரு கைக்குழந்தை.

யோசித்துப் பார்த்தேன். வண்டி போகத்தான் போகிறது. என்னால் நிறுத்த முடியாது. ஸ்டாண்டில் போய்ச் சொன்னால் மகனை நானே காட்டிக்கொடுத்ததாகும். சும்மா வீட்டில் உட்காரவும் முடியவில்லை. அதனால் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கேட்டவர்களுக்கு, வழி காட்டக் கூட வருகிறேன் என்று சொன்னேன். திருவண்ணாமலையில் என் மகன் என்னிடம் வழி கேட்க வேண்டுமா? என் பக்கத்தில் உட்கார்ந்து வேகமாக ஓட்ட மாட்டான், அதுதான் என் எண்ணம்.

மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனால் குழியில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அவன் கையில் துள்ளியது. அந்தக் குழந்தை என் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

20 நவம்பர், சனி

போனேன். வந்தேன். சோறு இறங்கவில்லை.

21 நவம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் சொல்கிறேன், எழுது. நடுவில் கேள்வி கேட்காதே.

செங்கம் ரோட்டில் தடுப்புப் போட்டு வண்டிகளைச் சோதனை செய்தார்கள். போலீஸோடு அதே பிரேக் இன்ஸ்பெக்டர். சகாதேவன் எஃப்.சி. தாளை நீட்டினான். அவர் தாளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், குனிந்து முன்சீட்டில் என்னைப் பார்த்தார். இரவல் டயர் இல்லாமல், எங்கள் சொந்த வழுக்கை டயரோடு வண்டி நின்றது.

"இதை நான் அன்னிக்கே தள்ளினேனே."

"பழைய எஃப்.சி. இருபத்தெட்டு வரைக்கும் செல்லும் சார்" என்றான் சகாதேவன்.

"செல்லும்யா, தாள் செல்லும். வண்டி செல்லாதுன்னு சொல்லி அனுப்பினேனா இல்லியா? கைக்குழந்தைய வெச்சு ஓட்டிட்டு வர்றே?"

"எங்கிட்ட யாரும் சொல்லல சார். நான் அப்ப அங்க இல்ல."

"உங்கிட்ட சொல்லல. ஓனர்கிட்ட சொன்னேன். இதோ உக்காந்துருக்காரே." கதவைத் திறந்து என்னை இறங்கச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். "பெரியவரே, சொல்லுங்க. சரி பண்ணாம ஆள் ஏத்தாதீங்கன்னு நான் உங்ககிட்ட சொன்னனா, சொல்லலியா? சொல்லியும் ஓட்டினீங்கன்னா கேஸு எழுதி பர்மிட்டு மேலயும் கை வெக்கணும். ஞாபகப்படுத்தி சொல்லுங்க."

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பெங்களூர்ப் பொண்ணு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். எதிர்ப்பக்கம் சைக்கிளில் வாழைத்தாரோடு சின்னசாமி, காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

அவர் அன்றைக்குப் போட்டிருந்த சட்டை, பாக்கெட்டில் பச்சை மூடி பேனா, பேசுவதற்கு முன்னால் ஜாக்கி எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தது — எல்லாம் என் கண் முன்னால் நின்றது. வாயைத் திறந்தால் அப்படியே வரும்.

சகாதேவன் குறுக்கே வந்தான். "வயசாயிடுச்சு சார். நைனாவுக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கறதில்ல."

அவர் அவனைப் பார்க்கவே இல்லை. "நான் அவரைக் கேட்டேன்."

பர்மிட்டு போனால் வண்டி வெறும் இரும்பு. அவனுக்கு வேறு கைத்தொழில் இல்லை.

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

தாளை மடித்து சகாதேவன் கையில் கொடுத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு, "ஆள இறக்கு. கட்டி இழுத்துட்டுப் போ. சரி பண்ணிட்டுதான் ரோட்டுக்கு வரணும்" என்று அவனிடம் சொன்னார். போலீஸ்காரர் அபராதம் எழுதினார். அத்தோடு விட்டார்கள். என்னைப் பிடித்து நிழலில் உட்கார வைத்து ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார். "வூட்டுக்கு வழி தெரியுமா தாத்தா?" என்று கேட்டார்.

கஸ்தூரி பேனாவை வைத்துவிட்டாள்.

"நிஜமாவா மாமா அப்படிச் சொன்னீங்க?"

எழுது என்று சொன்னேன்.

22 நவம்பர், திங்கள்

வண்டி மணி ஷெட்டில்.

25 நவம்பர், வியாழன்

தீபமெல்லாம் முடிந்துவிட்டது. நான் மாடிப்படியில் ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

சகாதேவன் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு உட்காருவான். "எனக்காகச் சொன்னே. தெரியும் நைனா" என்றான். சாயந்திரம் வரும்போது ஒரு கட்டு வல்லாரைக் கீரை வாங்கிவந்தான்.

"இது எதுக்குடா?"

"ஞாபகத்துக்கு நல்லதுன்றாங்க." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சும்மா சாப்பிடு. ஸ்டாண்டுல எல்லாரும் கேக்கறாங்க, நைனாவுக்கு வைத்தியம் பாக்கறியா இல்லியான்னு. வாங்கினா நாலு பேர் பாப்பாங்க இல்ல?"

அதாவது சொன்ன பொய்க்குத் துணையாகக் கீரை.

கஸ்தூரி துவையல் அரைத்தாள். கசப்பு.

30 நவம்பர், செவ்வாய்

வண்டிக்கு எஃப்.சி. ஆகிவிட்டது. புதுக் கிங்பின், புது பிரேக், டயர்கூட சொந்தமாகப் புதுசு. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் காதருகே வந்து, செவிடனிடம் பேசுகிற மாதிரி உரக்க, "பெரியவரே, வண்டி இப்ப நல்லாருக்கு. புரியுதா? நல்லாருக்கு!" என்றார்.

சரிங்க என்றேன்.

வல்லாரைத் துவையல்.

7 டிசம்பர், செவ்வாய்

எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்த தேதி வேண்டும் என்று அவன் அம்மா வாசலில் கஸ்தூரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வேணாம், ஆஸ்பத்திரியில போய் எழுதி வாங்கிக்கறேன், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று கஸ்தூரியிடம் பேசுகிற மாதிரி பேசிவிட்டுப் போய்விட்டாள். ஐப்பசி, சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு பிறந்தவன் அவன். பிரசவ வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே என் வண்டிதானே?

15 டிசம்பர், புதன்

விசாரணைக்கு அதிகாரி வந்தார். ஆராயி வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சகாதேவன்தான் என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனான். என் கையை விடச் சொல்லியும் விடவில்லை.

நான் சொன்னேன். வருஷம், கிழமை, வேப்பமரம், மழை, சேற்றில் மாட்டிய லாரி. ஆராயி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

சின்னசாமி எழுந்தான். "ஐயா, தீபத்துக்குக் கொஞ்சம் முன்ன செங்கம் ரோட்டுல, போலீஸு, இன்ஸ்பெக்டரு எல்லாரு முன்னாடியும் இவரே சொன்னாருங்க, ஞாபகம் இல்லீங்கன்னு. அதுக்குப் பத்து நாள் முன்ன கேட்டதே ஞாபகம் இல்லன்னவரு, அந்தக் காலத்து மரத்துக்கு சாட்சி சொல்றாரு. ஊரே கேட்டுதுங்க. இவரு புள்ளயக் கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "சொன்னீங்களா?"

சொன்னேன் என்றால் ஆராயி போச்சு. சொல்லவில்லை என்றால் ஊரே சாட்சி. மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி, இதை அப்படியே எழுது:

"சொன்னேங்க. பொய் சொன்னேன். ஞாபகம் இருந்துச்சு, எம்புள்ளைக்காக இல்லன்னேன். வேணும்னா இப்ப சொல்றேன் கேளுங்க, இன்ஸ்பெக்டரு இன்னா சொன்னாருன்னு." ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கிங்பின், பிரேக், ஆள் ஏத்தாதீங்க, பச்சை மூடி பேனா, எல்லாம்.

சின்னசாமி மெதுவாகச் சிரித்தான். "பாருங்க ஐயா. அன்னிக்கு இல்லன்னாரு. இன்னிக்கு இருக்குதுன்றாரு. நாளைக்கு இன்னா சொல்வாரோ."

"எங்க மாமனாரும் இப்படித்தான்" என்றார் அதிகாரி. கேலி இல்லை, வருத்தமாகவே சொன்னார். "எல்லாத்துக்கும் தேதி, கிழமை, சட்டை நிறம் எல்லாம் சொல்வாரு. விசாரிச்சா ஒண்ணும் சேராது. உக்காருங்க பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க."

"நான் சொல்றது நிஜங்க. என் புள்ளயக் கேளுங்க!" கத்திவிட்டேன். "டேய் சகா, சொல்லுடா!"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். எஃப்.சி. வாங்கிப் பதினைந்து நாள்தான் ஆகிறது. அவன் என் தோளைப் பிடித்தான்.

"நைனா இப்படித்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க" என்றான்.

அதிகாரி ஆராயியிடம், வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், தாள் ஏதாவது இருந்தால் தேடுங்கள் என்று சொன்னார். வேறு யார் இருக்கிறார்கள்? கல் இறக்கிய கூலியாட்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பேர் எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

16 டிசம்பர், வியாழன்

சகாதேவன் காலையில் சீக்கிரமே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கட்டிலோரம் வல்லாரைக் கட்டு.

3 ஜனவரி 2000, திங்கள்

பாதைப் பக்கம் நடந்து போனேன். ஆராயி அடுப்பை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறாள். சின்னசாமி வேலிக்குக் கல்தூண் நட்டுவிட்டான். அவள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வடை கொடுத்தாள். எப்போதும் போல, சூடாக. ஆனால் எதுவும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அந்த வருஷம் என்ன ஆச்சுண்ணா, இந்த வருஷம் யார் செத்தாண்ணா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வடை ஆறுவதற்குள், "மெள்ளப் பாத்து போண்ணா, வேங்கிக்கால் பக்கம் போயிடாதே, வீடு இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினாள்.

சரி என்று அவள் காட்டிய பக்கமே நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், எழுதலாமா மாமா என்று கஸ்தூரி உட்கார்ந்தாள். என்ன தேதி என்றாள். ஜனவரி மூணு, ரெண்டாயிரம், திங்கள் என்றேன்.

நிமிர்ந்து சுவரில் காலண்டரைப் பார்த்துவிட்டு எழுதினாள்.